எந்த விளிம்பு? எக்ஸ்ரே வளைகோடுகளும் அரைத் தானியக்கமும்

தலையைப் பக்கவாட்டில் நிறுத்தி எடுத்த எக்ஸ்ரே படத்தில் கீழ்த்தாடையின் அடிவிளிம்பைப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே ஒரு கோடு இருக்காது; இரண்டு இருக்கும். தாடைக்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டு பக்கங்கள் உண்டல்லவா? எக்ஸ்ரே குழாய்க்கு அருகில் இருக்கும் பக்கத்தின் நிழல் சற்றுப் பெரிதாக விழும். ஃபிலிமுக்கு அருகில் இருக்கும் பக்கத்தின் நிழல் சற்றுச் சிறிதாக விழும். தலை கொஞ்சம் திரும்பியிருந்தால் இரண்டும் இன்னும் விலகும். பல் சீரமைப்பு மருத்துவர் படத்தின்மேல் மெல்லிய அசிட்டேட் தாளை ஒட்டி, கூர்மையான பென்சிலால் இரண்டு கோடுகளையும் வரைந்துகொண்டு, இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கோட்டைப் போடுவார். அந்த மூன்றாவது கோடு படத்தில் எங்கும் கிடையாது. ஆனால் தாடையின் சாய்வை அளப்பது அந்தக் கோட்டிலிருந்துதான்.

இதே வேலையைக் கணினியிடம் கொடுத்தால் அது இரண்டில் அழுத்தமாகத் தெரியும் கோட்டைப் பிடித்துக்கொண்டு போகும். பாதி வழியில் மற்றக் கோடு அழுத்தமானால் அதற்குத் தாவிவிடும். தாவிய இடத்தில் தாடையில் இல்லாத ஒரு வளைவு முளைக்கும்.

எக்ஸ்ரே படங்களில் வளைகோடுகளை வரைவது தொடர்பாக எழுபது, எண்பது ஆண்டுகளாக நடந்துவரும் முயற்சிகளை இந்தச் சிக்கலைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். கோட்டை வரைவதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. எந்த விளிம்பு என்று தேர்ந்தெடுப்பது ஒன்று. தேர்ந்த விளிம்பு எந்த இடத்தில் ஓடுகிறது என்று நுணுக்கமாகக் குறிப்பது இன்னொன்று. இரண்டாவதில் கணினி கைதேர்ந்தது. மனிதக் கை தடுமாறும். முதலாவதில் நிலைமை தலைகீழ். அதனால்தான் முழுத் தானியக்கத்துக்குப் போகும் வழியில் தற்காலிகமாகத் தங்கும் இடமாக, மனிதரும் கணினியும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் அரைத் தானியக்கத்தைப் பார்ப்பது தவறு. பல அளவீடுகளுக்கு அதுவே சரியான ஏற்பாடு.

1895 நவம்பரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் வூர்ட்ஸ்பர்க் நகரில் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பைப் பார்ப்பது உடனே வழக்கத்துக்கு வந்துவிட்டது. அளப்பது அவ்வளவு விரைவில் வரவில்லை. தலையை ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் நிறுத்தாவிட்டால் இரண்டு படங்களை ஒப்பிடவே முடியாது. 1931இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாலி பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே இதற்கு வழி கண்டார்கள். காதுத்துளைகளில் தண்டுகளை வைத்துத் தலையை நிலைநிறுத்தி, குழாயைத் தலையின் நடுத்தளத்திலிருந்து ஐந்தடி தொலைவில் வைக்கும் முறை நிலைபெற்றது. 1948இல் வில்லியம் டவுன்ஸும் 1953இல் செசில் ஸ்டெய்னரும் எந்தெந்தப் புள்ளிகளை இணைத்து எந்தக் கோணங்களை அளப்பது என்று வகுத்துக் கொடுத்தார்கள். அதே 1948இல் நியூயார்க் எலும்பு மருத்துவர் ஜான் காப், பக்கவாட்டில் வளைந்த முதுகெலும்பை அளக்கும் முறையை எழுதினார். உலகம் முழுக்க ஸ்கோலியோசிஸ் நோயாளிகளின் கோப்புகளில் இன்றும் இருப்பது அவர் பெயரிலான கோணம்தான்.

காப் கோணத்தை அளப்பது கேட்பதற்கு எளிது. வளைவின் மேல்முனையில் எது அதிகம் சாய்ந்திருக்கிறதோ அந்த முள்ளெலும்பின் மேல்தட்டை ஒட்டி ஒரு கோடு. கீழ்முனையில் அதிகம் சாய்ந்த முள்ளெலும்பின் கீழ்த்தட்டை ஒட்டி இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையிலான கோணம். 10 டிகிரியைத் தாண்டினால்தான் அதை ஸ்கோலியோசிஸ் என்று சொல்வார்கள். வளரும் பிள்ளைக்கு 25 டிகிரி வாக்கில் முதுகுப் பட்டை பற்றிப் பேச்சு வரும். 45, 50 என்றாகும்போது அறுவை சிகிச்சை பற்றி யோசிப்பார்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 5 டிகிரிக்கு மேல் கூடினால் வளைவு முற்றுகிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இந்த ஐந்து டிகிரியில்தான் சங்கடம். மோரிசி குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் 50 எக்ஸ்ரே படங்களை நான்கு எலும்பு மருத்துவர்கள் திரும்பத் திரும்ப அளந்தார்கள். முனை முள்ளெலும்புகளை அவரவரே தேர்ந்தெடுத்தபோது ஒரே மருத்துவரின் அளவுகள் தமக்குள்ளேயே சுமார் 4.9 டிகிரி வரை மாறின. மருத்துவருக்கு மருத்துவர் 7.2 டிகிரி வரை மாறின. எந்த முள்ளெலும்பு என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து கொடுத்தபோது மருத்துவர்களுக்கு இடையிலான வேறுபாடு 6.3 ஆகக் குறைந்தது. அதாவது தடுமாற்றத்தில் ஒரு பங்கு தேர்வில் இருந்தது. பெரும்பங்கு அதன்பிறகும் எஞ்சியது. அது பென்சில், அளவுகோல், பாகைமானி, கை ஆகியவற்றின் கணக்கு.

அந்தப் பெரும்பங்கு எப்படி வருகிறது என்பதை எளிய கணக்கில் பார்க்கலாம். முள்ளெலும்பின் தட்டு படத்தில் 40 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு மூலையைக் குறிக்கும்போது கை ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் கோட்டின் சாய்வு ஏறத்தாழ 1.4 டிகிரி மாறும். மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் எதிரெதிர்த் திசையில் அதே பிழை நேர்ந்தால் 2.9 டிகிரி. ஒரு மில்லிமீட்டர் என்பது மொத்தையான பென்சில் கோட்டின் அகலம். பட்டை போடுவதா, காத்திருப்பதா என்ற முடிவு இந்த அகலத்துக்குள் அடங்கிவிடக்கூடும்.

முடிவு சரியாக அமைவதால் கிடைக்கும் பலன் சிறிதல்ல. 2013இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வொன்றில், பட்டை அணிந்த வளரிளம் பிள்ளைகளில் 72 சதவீதத்தினருக்கு எலும்பு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. வெறுமனே கண்காணிப்பில் இருந்தவர்களில் இது 48 சதவீதம்தான். பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள்.

அளவு சந்தேகமாக இருந்தால் இன்னொரு படம் எடுத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. முதுகெலும்பு வளைவுக்காகச் சிகிச்சை பெற்ற 5,573 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வந்தது. 1965க்கு முன் சிகிச்சை தொடங்கிய அவர்களுக்குத் தலைக்குச் சராசரியாக 24.7 முறை எக்ஸ்ரே எடுக்கப்பட்டிருந்தது. மார்பகப் புற்றுநோயால் அவர்களில் இறந்தவர்கள், பொதுவாக எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கையைப்போல் 1.69 மடங்கு. இன்றைய கருவிகளின் கதிரளவு அந்தக் காலத்தோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. என்றாலும் வளரும் சிறுமிக்குக் கதிரை இன்னும் குறைக்க வேண்டும் என்ற அக்கறை அன்றிலிருந்து தொடர்கிறது. துகள்களைக் கண்டறியும் கம்பிக் கருவிக்காக 1992இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜார்ஜ் ஷார்பாக்கின் கண்டுபிடிப்பிலிருந்து வளர்ந்த ஈஓஎஸ் கருவி, நின்றபடி இருக்கும் ஆளை முன்னும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் குறைந்த கதிரில் படமெடுக்கிறது. அதன் மென்பொருள் இரண்டு படங்களையும் சேர்த்து முதுகெலும்பின் முப்பரிமாண வடிவத்தைத் தானே முன்வைக்கும். இயக்குபவர் அதை இழுத்துத் திருத்துவார். அரைத் தானியக்கம் அன்றாட வழக்கமாகவே ஆகிவிட்ட இடம் இது.

கதிர் குறைந்தால் படத்தில் புள்ளி இரைச்சல் கூடும், விளிம்பு மங்கும். வளைகோட்டைத் தேடும் மென்பொருளுக்கு இது முதல் தடை. இரண்டாவது தடை எக்ஸ்ரே படத்தின் இயல்பிலேயே இருக்கிறது. கேமரா எடுத்த புகைப்படத்தில் முன்னால் நிற்கும் பொருள் பின்னாலிருப்பதை மறைத்துவிடும். எக்ஸ்ரேயில் எதுவும் எதையும் மறைப்பதில்லை. விலா எலும்பு, இதயத்தின் ஓரம், குடலில் உள்ள காற்று எல்லாம் முதுகெலும்பின்மேல் ஒன்றாக விழுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விளிம்பு. எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில்.

மூன்றாவது தடையைப் பலர் கவனிப்பதில்லை. படத்தில் தெரியும் கோடு எலும்பின்மேல் உள்ள கோடு அல்ல. கதிர் எலும்பின் கெட்டியான புறத்தோட்டை உரசிக்கொண்டு போகும் இடத்தில் அதிகமாக உறிஞ்சப்படுகிறது. அங்கேதான் வெள்ளைக் கோடு விழுகிறது. ஆள் லேசாகத் திரும்பினால் கதிர் உரசும் இடமும் மாறும். கோடு எலும்பின் வேறொரு பகுதியைக் காட்டத் தொடங்கும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும்போது கூடவே முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. சாய்ந்து நிற்கும் முள்ளெலும்பின் தட்டு அப்போது நேர்கோடாக விழாமல் நீள்வட்டமாக விழும்: முன்ஓரம் ஒன்று, பின்ஓரம் ஒன்று. எந்த ஓரத்தில் கோடு போடுவது? பிக்சலைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. முள்ளெலும்பைத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

கணினியில் கோடு வரையும் முயற்சிகளில் இரண்டு பெரிய யோசனைகள் தனித்து நிற்கின்றன. இரண்டுமே தொடக்கத்திலிருந்தே மனிதரைக் கூட வைத்துக்கொண்டு வேலை செய்யும்படி உருவானவை. மைக்கேல் காஸ், ஆண்ட்ரூ விட்கின், டிமிட்ரி டெர்சொபவுலோஸ் மூவரும் 1987, 1988இல் முன்வைத்த ‘பாம்பு’ முதலாவது. படத்தின்மேல் தோராயமாக ஒரு வளைகோட்டைப் போட்டுவிட வேண்டும். அதற்குள் இரண்டு விசைகள் வேலை செய்யும். ஒன்று கோட்டை அதிகம் மடங்கவிடாமல் வழவழப்பாக வைத்திருக்கும். மற்றது பக்கத்திலுள்ள விளிம்பை நோக்கி இழுக்கும். இரண்டும் சமன்படும் இடத்தில் கோடு நெளிந்து நெளிந்து போய் நிற்கும். மூல ஆய்விலேயே பயனர் ஒரு புள்ளியில் ‘சுருள்வில்’ மாட்டிக் கோட்டை இழுக்கவும், தவறான விளிம்பின்மேல் ‘எரிமலை’ வைத்துக் கோட்டை விரட்டவும் வசதி செய்திருந்தார்கள். பின்னாளில் இந்த யோசனையை எடுத்தாண்ட பலர் முதலில் இந்த வசதிகளைத்தான் கழற்றிவிட்டார்கள். பாம்பு அடிக்கடி தவறான விளிம்பில் போய்ப் படுத்துக்கொள்கிறது என்ற புகாருக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது யோசனை, எரிக் மார்ட்டென்சனும் வில்லியம் பாரெட்டும் 1995இல் காட்டிய ‘அறிவுள்ள கத்தரி’. ஏறக்குறைய அதே காலத்தில் ஃபல்கோவும் பென்சில்வேனியாவில் ஜெயராம் உதுபாவின் குழுவும் மருத்துவப் படங்களுக்கென்று இதை ‘லைவ்-வயர்’ என்ற பெயரில் வளர்த்தார்கள். படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் ஓர் ஊர்ச் சந்திப்பாக நினைத்துக்கொண்டு, பக்கத்துப் பிக்சலுக்குப் போக ஒரு கட்டணம் வைக்கிறார்கள். அழுத்தமான விளிம்பின்மேல் போனால் கட்டணம் குறைவு. வெற்றிடத்தில் போனால் அதிகம். தொடங்கும் இடத்திலிருந்து மவுஸ் நிற்கும் இடத்துக்கு மிகக் குறைந்த செலவில் போகும் வழியை, 1959இல் டைக்ஸ்ட்ரா எழுதிய வழிமுறை கண்டுபிடித்துவிடும். அந்த வழிதான் திரையில் தெரியும் கோடு. 1998இல் போட்டோஷாப் 5இல் வந்த காந்தக் கயிறும், கிம்ப் மென்பொருளில் உள்ள கத்தரியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இதைக் கையில் எடுத்து ஒரு முள்ளெலும்பின் மேல்தட்டை வரைவதாக வைத்துக்கொள்வோம். இடது மூலையில் ஒரு கிளிக். மவுஸை வலப்பக்கம் நகர்த்தினால் கோடு தட்டின் வெள்ளை விளிம்பில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. கை நடுங்கினாலும் கோடு நடுங்குவதில்லை. தட்டின் நடுவைத் தாண்டியதும் ஒரு விலா எலும்பு குறுக்கிடுகிறது. விலாவின் விளிம்பு தட்டைவிட அழுத்தம். கோடு சட்டென்று மேலேறி விலாவோடு போகிறது. பயனர் மவுஸைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, கோடு இன்னும் தட்டில் இருக்கும் இடத்தில் ஒரு கிளிக் செய்து அதுவரை உறையவைக்கிறார். விலாவைத் தாண்டி இன்னொரு கிளிக். பிறகு வலது மூலை. தேர்வு முழுக்க மனிதருடையது, இடம் குறிப்பது முழுக்கக் கணினியுடையது. முக்கியமான இன்னொன்று: தவறு நடந்த அந்த நொடியிலேயே அது கண்ணில் படுகிறது, ஒரே அசைவில் திருத்த முடிகிறது.

மார்ட்டென்சனும் பாரெட்டும் இதோடு நிறுத்தவில்லை. கடைசியாக வரைந்த துண்டின் விளிம்பு எவ்வளவு அழுத்தம், எந்தச் சாம்பல் அளவு என்பதைக் கருவி அங்கேயே கற்றுக்கொண்டு, அடுத்த துண்டில் அதே சாயல் கொண்ட விளிம்புக்குக் கட்டணத்தைக் குறைக்கும். மங்கலான தட்டின்மேல் தொடங்கினால், பக்கத்திலிருக்கும் பளிச்சென்ற விலாவை விட்டுவிட்டு மங்கலானதையே பின்பற்றும் என்று இதற்குப் பொருள். பளிச்சென்று தெரிவது எதுவோ அதுவே விளிம்பு என்ற நம்பிக்கை எக்ஸ்ரேயில் அடிக்கடி பொய்த்துப்போகிறது. அதனால் இந்தச் சிறு வசதி மற்றப் படங்களைவிட எக்ஸ்ரேயில்தான் அதிகம் கைகொடுக்கிறது.

விளிம்புக்குப் பதிலாக வடிவத்தையே கற்றுக்கொடுக்கலாமே என்பது வேறொரு பாதை. மான்செஸ்டரில் டிம் கூட்ஸும் கிறிஸ் டெய்லரும் சகாக்களும் 1995இல் முன்வைத்த வடிவ மாதிரி அந்தப் பாதையில் முன்னோடி. பல படங்களில் ஒரே எலும்பின் ஓரத்தில் புள்ளிகளைக் கையால் குறித்து, அந்த எலும்பு எந்தெந்த விதத்தில் மாறக்கூடும் என்பதைப் புள்ளியியலாகக் கணக்கிடுகிறார்கள். பிறகு புதிய படத்தில் கோடு அந்த எல்லைக்குள்தான் நெளியும்; தொடை எலும்பு போல இல்லாத வடிவத்துக்கு அது போகவே போகாது. இதன் பலமும் பலவீனமும் ஒன்றேதான். நோயுற்ற எலும்பு, பிறவியிலேயே பாதி வளர்ந்த முள்ளெலும்பு, முறிந்து சேர்ந்த எலும்பு ஆகியவை எல்லையைத் தாண்டியவை. மாதிரி அவற்றை ‘சரிசெய்து’ இயல்பான எலும்பாக வரைந்துவிடக்கூடும்.

குழந்தைகளின் கை எலும்பு வயதைக் கணக்கிடும் டென்மார்க்கின் போன்எக்ஸ்பர்ட் மென்பொருள் இந்த இடத்தில் கையாளும் வழி பாராட்டத்தக்கது. கை எலும்புகளின் ஓரங்களை இதே குடும்பத்து முறையில் அது தானாகவே வரைகிறது. எலும்பு தனக்குத் தெரிந்த வடிவங்களிலிருந்து மிகவும் விலகியிருந்தால் அதை நிராகரித்துவிடுகிறது. ஏற்காமல் விட்டதை மருத்துவர் பார்த்துக்கொள்ளலாம். தனக்குத் தெரியாது என்று சொல்லத் தெரிந்த கருவியை நம்புவது எளிது.

எலும்பை விட்டு இரத்தக் குழாய்க்கு வந்தால் நிலவரம் வேறு. 1958இல் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் இதயத் தமனிக்குள் சாயத்தைச் செலுத்திப் படமெடுத்ததிலிருந்து, அடைப்பு எவ்வளவு என்று கண்ணால் மதிப்பிடுவதே வழக்கமாக இருந்தது. கண்ணுக்குக் கண் மதிப்பீடு வேறுபட்டது. 1977இல் சியாட்டிலில் கிரெக் பிரவுன் குழுவினர் பெரிதாக்கிய படத்தில் குழாயின் இரு கரைகளையும் கையால் வரைந்து கணினிக்குக் கொடுத்தார்கள். எண்பதுகளில் நெதர்லாந்தில் யோஹன் ரைபர் குழுவினர், பயனர் சில புள்ளிகளை மட்டும் குறித்தால் கரைகளைக் குறைந்த செலவு வழியாகத் தானே கண்டுபிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். படத்தில் மில்லிமீட்டர் எத்தனை பிக்சல் என்பதற்கு அளவுகோலாக, குழாய்க்குள் நுழைத்திருக்கும் கதீட்டரே பயன்படுகிறது. 6 பிரெஞ்ச் கதீட்டர் என்றால் 2 மில்லிமீட்டர் விட்டம். அது படத்திலேயே இருக்கிறது.

இங்கே சிறு பிழையும் எண்ணில் பெரிதாகத் தெரியும். 3 மில்லிமீட்டர் குழாய் ஓரிடத்தில் 1.5 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தால் அடைப்பு 50 சதவீதம். அந்த இடத்தில் மட்டும் இரு கரைகளும் தலா 0.1 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வரையப்பட்டால் அது 57 ஆகிவிடும். ஆனால் ‘எந்த விளிம்பு’ என்ற கேள்வி இங்கே எலும்பில் இருப்பதைவிட எளிது: சாயம் நிரம்பிய குழாய் தனித்துத் தெரியும், கிளைகள் ஒன்றையொன்று கடக்கும் இடம்தான் சிக்கல். 1998இல் ஃப்ராங்கி குழுவினர் குழாய்போல் நீண்டிருப்பதை மட்டும் மேலெழுப்பிக் காட்டும் வடிகட்டியை வெளியிட்டபிறகு, மேட்டுநிலத்தில் மழைநீர் பள்ளம் பார்த்து ஓடுவதுபோலக் கோடு குழாயின் நடுவழியே போகத் தொடங்கியது. தானியக்கத்தின் பங்கு இங்கே கூடுதலாக இருப்பது நியாயமே.

பிறகு ஆழ்கற்றல் வந்தது. 2015இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கிலிருந்து வெளியான யூ-நெட் என்ற வலையமைப்பு மருத்துவப் படங்களில் விளிம்பு தேடும் வேலையைப் பெரிதும் மாற்றிவிட்டது. பழைய முறைகள் எங்கே நின்றன என்பதற்கு அதே ஆண்டில் நடந்த போட்டி நல்ல அளவுகோல். 400 பக்கவாட்டுத் தலைப் படங்கள், ஒவ்வொன்றிலும் 19 புள்ளிகள், இரண்டு மருத்துவர்கள் குறித்ததன் சராசரியே சரியான விடை. 2 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் வெற்றி என்ற வரையறையில், மான்செஸ்டரின் கிளாடியா லிண்ட்னரும் கூட்ஸும் முதல் தேர்வுத் தொகுதியில் சுமார் 75 சதவீதம் பெற்றார்கள். அதற்குப் பின்வந்த ஆழ்கற்றல் முறைகள் அந்த எண்ணைத் தாண்டிவிட்டன. முதுகெலும்புக்கு 2019இல் நடந்த போட்டியின் அடிப்படையான 609 படங்களில், 17 முள்ளெலும்புகளுக்கு நான்கு மூலைகள் வீதம் ஒவ்வொரு படத்திலும் 68 புள்ளிகள் குறிக்கப்பட்டிருந்தன.

தலைப் படத்தின் எல்லாப் புள்ளிகளும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. பாம்ரிண்டும் ஃபிரான்ட்ஸும் 1971இல் காட்டியதுபோல், ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கே உரிய பிழை வடிவம் உண்டு. கூரான முனையில் இருக்கும் புள்ளியை எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வைப்பார்கள். மேல்தாடையின் முன்புறக் குழிவில் மிக ஆழமான இடம் என்று வரையறுத்த ஏ புள்ளியோ, தாடை திரும்பும் மூலையான கோனியனோ அப்படியல்ல. வளைவு மெதுவாகத் திரும்புவதால், பிழை அந்த வளைவின் வழியே நீளமாகச் சிதறும். இப்படிப்பட்ட புள்ளியை நேரடியாகக் குறிப்பதைவிட வளைகோட்டை முதலில் வரைந்துவிட்டு, ஆழமான இடத்தைக் கணக்கிலிருந்து எடுப்பது பொருத்தம். புள்ளிகளை மட்டும் துரத்தும் போட்டிகள் இந்த நன்மையைக் கைவிட்டுவிடுகின்றன. வளைகோட்டைக் கைவிட்டது இழப்புதான்.

கோடு சரியா என்று மதிப்பெண் போடும் முறையிலும் இதேபோன்ற கோளாறு இருக்கிறது. பரப்புகள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்ற அளவுகோல் நுரையீரலுக்குச் சரி. ஒரு பிக்சல் அகலமுள்ள கோட்டுக்கு அது பொருந்தாது. கோடு முழுக்க இரண்டு பிக்சல் தள்ளிப்போனால் மருத்துவ ரீதியாகக் கெடுதல் எதுவும் இல்லை, மதிப்பெண்ணோ பூஜ்யம். நடுவில் அறுந்துபோன கோடு நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். மார்புப் படத்தில் கதீட்டரின் நுனி எங்கே முடிகிறது என்று பார்ப்பவருக்கு அறுந்த கோடு எதற்கும் உதவாது. கோட்டின் தொடர்ச்சியைக் கணக்கில் எடுக்கும் சிஎல்டைஸ் போன்ற அளவைகள் 2021இல்தான் வந்தன. அதே ஆண்டு ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கதிரியல் கல்லூரி காகிள் தளத்தில் நடத்திய கதீட்டர் போட்டியில், ஒரு பகுதிப் படங்களுக்குக் குழாயின் பாதையையே மனிதர்கள் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுத்திருந்தார்கள்.

கிளிக் மறுபடியும் மையத்துக்கு வந்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டியது. மெட்டா நிறுவனம் 2023இல் வெளியிட்ட ‘செக்மென்ட் எனிதிங்’, பயனர் வைக்கும் ஒன்றிரண்டு புள்ளிகளிலிருந்து பொருளைப் பிரித்தெடுக்கிறது. அதன் மருத்துவ வழித்தோன்றலான மெட்சாம் 2024இல் வந்தது. இவை பரப்புகளை நோக்கியவை. மெல்லிய நீண்ட வளைகோட்டுக்கு, முப்பது ஆண்டுப் பழமையான குறைந்த செலவு வழியும் புதிய வலையமைப்பு தரும் விளிம்பு வரைபடமும் சேரும் கூட்டணியே இன்னும் தகுந்தது. எது விளிம்பு என்பதற்கான கட்டணத்தை வலையமைப்பு போடட்டும். பாதையை டைக்ஸ்ட்ரா கண்டுபிடிக்கட்டும். விலாவைத் தாண்டும் கிளிக்கை மருத்துவர் வைக்கட்டும்.

அரைத் தானியக்கத்துக்கே உரிய ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கணினி கோட்டை முழுதாக வரைந்து முன்வைத்து, ‘சரியா?’ என்று கேட்டால், பெரும்பாலோர் சரி என்று அழுத்திவிடுவார்கள். 2023இல் வெளியான ஜெர்மன் ஆய்வில் 27 கதிரியல் மருத்துவர்கள் 50 மார்பக எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார்கள். செயற்கை நுண்ணறிவின் பரிந்துரை என்று சொல்லப்பட்டது சரியாக இருந்தபோது அனுபவம் குறைந்தவர்கள் சுமார் 80 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். பரிந்துரை வேண்டுமென்றே தவறாக வைக்கப்பட்டபோது அது 20 சதவீதமாக விழுந்தது. மிகுந்த அனுபவம் உள்ளவர்களும் 82இலிருந்து 45க்கு இறங்கினார்கள். இது கோடு வரைவது பற்றிய ஆய்வல்ல. ஆனால் முன்வைக்கப்பட்ட விடையை மனித மனம் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பது இரண்டிலும் ஒன்றுதான்.

இதனால் வரிசை முக்கியமாகிறது. கணினி முதலில் வரைந்து மனிதர் பிறகு ஒப்புதல் தருவது ஒரு வரிசை. மனிதர் முதலில் தேர்ந்து, கணினி பிறகு வரைவது மற்றது. இரண்டையும் அரைத் தானியக்கம் என்றே சொல்கிறார்கள். முதலாவதில் மனிதர் காவலர் மட்டும். களைத்த காவலர் கண்ணயர்வார். இரண்டாவதில் அவர் வைக்காமல் கோடே பிறக்காது. முனை முள்ளெலும்பு எது, எந்த ஓரம், இரட்டைக் கோட்டில் எது என்ற மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு, மீதியைத் தானே செய்யும் கருவிதான் சரியான கருவி. சராசரிக் கோடு வேண்டுமென்றால் இரண்டு கோடுகளையும் தனித்தனியே வரைந்து நடுவைக் கணக்கிடவும் அதற்குத் தெரிய வேண்டும்.

நினைவும் அதற்கு வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை மறுபடி படமெடுக்க வரும்போது, சென்ற முறை எந்த முள்ளெலும்புகள் தேர்வாயின, எந்தெந்தப் புள்ளியை மனிதர் நகர்த்தினார், எதைக் கணினி வைத்தபடியே விட்டார் என்ற பதிவு திரையின் ஓரத்தில் இருக்க வேண்டும். மோரிசி குழுவின் எண்கள் காட்டுவது இதைத்தான்: ஒரே முள்ளெலும்புகளை வைத்து அளந்தால்தான் இரண்டு படங்களுக்கு இடையே கூடிய டிகிரி உடம்பில் கூடியதா, கோட்டில் கூடியதா என்று பிரித்துச் சொல்ல முடியும். வளைவு நகர்ந்து வேறு முள்ளெலும்பு முனையாகிவிட்டிருந்தால் பழைய தேர்வில் ஓர் அளவு, புதிய தேர்வில் ஓர் அளவு என்று இரண்டையும் கோப்பில் எழுதிவைக்க வேண்டியிருக்கும். கோணத்தோடு கோட்டையும் சேமித்து வைத்தால் இது முடியும். வெறும் எண்ணை மட்டும் எழுதிவைக்கும் மருத்துவக் கோப்புகளில் இதற்கு இன்னும் இடமில்லை.